இல்லமும் கருவியும்: காற்றுக்கும் கணக்கு உண்டு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் சலிப்பு மிகுந்திருந்தது. “மாமா, கம்ப்ரசர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ஒரு வேலைக்கும் உதவவில்லை. சக்கரத்து நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா?” என்றான்.

அவனிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி எனினும், பழுது பார்க்க எளியது. வீட்டு முற்றத்திலேயே பெரும்பாலான வேலைகளை முடித்துக்கொள்ளலாம். தங்கையின் திருமணத்திற்கு முன் அதற்குப் புதுவண்ணம் பூசி, சக்கரங்களையும் பிரேக்குகளையும் தானே கழற்றிச் சீர் செய்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். நல்ல திட்டம்தான். அதற்கான பணம் அவனுடைய தாய் மூன்றாண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. நான் வாசலில் கால் வைத்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, சீட்டுப் பணம் முழுவதையும் இரும்பில் போட்டுவிட்டான். நீயாவது பார்த்துச் சொல்லப்பா” என்பதே.

முற்றத்திற்குச் சென்றேன். 25 லிட்டர் தொட்டியுடன் கூடிய 2 எச்.பி. கம்ப்ரசர், அரை அங்குல இம்பாக்ட் கன், தகடு தேய்க்கும் ஏர் சாண்டர், வண்ணம் தெளிக்கும் ஸ்ப்ரே கன், சுருள் வடிவான நீலநிற ஹோஸ் ஆகியவை பரப்பப்பட்டிருந்தன. என்னைத் திடுக்கிட வைத்தவை இவையல்ல. கம்ப்ரசரின் பிரஷர் சுவிட்சின் மூடி திறந்து கிடந்தது. அவன் கையில் திருப்புளி இருந்தது. “அழுத்தம் போதவில்லை, மாமா. இந்தத் திருகை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் கூடுதலாக ஏறும் என்று ஒருவர் சொன்னார்” என்றான்.

“முதலில் திருப்புளியைக் கீழே வை” என்றேன். அந்தத் தொட்டி குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு மேல் ஏற்றினால் பாதுகாப்பு வால்வு திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வால்வு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் என்னாகும்? தொட்டி வெடிக்கும், அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. தொழிற்சாலை வைத்த அளவை வீட்டில் எவரும் மாற்றலாகாது. இதை இன்றைய பாடத்தின் முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

அழுத்தம் வேறு, அளவு வேறு

அவன் செய்த பிழை, நம்மில் பலரும் செய்யக்கூடிய பிழையே. கடையில் “எத்தனை எச்.பி.?” என்றும், “எத்தனை பார் ஏறும்?” என்றும் கேட்டு வாங்கியிருக்கிறான். “நிமிடத்திற்கு எவ்வளவு காற்றுத் தரும்?” என்ற கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் நீர் பாயும். அழுத்தம் என்பது அத்தகையது. ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் குளித்துத் துவைக்க, உயரம் மட்டும் போதுமா? நிமிடத்திற்கு எத்தனை குடம் நீர் மோட்டாரிலிருந்து மேலே ஏறுகிறது என்பதும் வேண்டும் அன்றோ? காற்றில் இந்த இரண்டாவது அளவைச் சி.எப்.எம். என்பர், நிமிடத்திற்கு எத்தனை கன அடிக் காற்று என்பது அதன் பொருள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர்.

காற்றுக் கருவிகளில் பெரும்பாலானவை 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், அஃதாவது ஏறத்தாழ 6 பாரில், வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. அந்த அழுத்தத்தை மிகச் சிறிய கம்ப்ரசரும் தந்துவிடும். ஆனால் அதே அழுத்தத்தில் எத்தனை சி.எப்.எம். தொடர்ந்து தரும் என்பதில்தான் சிறியதும் பெரியதும் வேறுபடுகின்றன.

அழுத்திய காற்றைக் கொண்டு வேலை வாங்குவது நேற்று வந்த வித்தையன்று. 1857ஆம் ஆண்டில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இரயில் சுரங்கம் அமைக்கத் தொடங்கினர். கைத்துளைப்பினால் வேலை மிக மெதுவாக நடந்தது. 1861இல் ஜெர்மேன் சொம்மெய்யே என்னும் பொறியாளர் அழுத்திய காற்றினால் இயங்கும் துளைக்கருவிகளை அங்கே வேலையில் புகுத்தினார். மலையருவியின் விசையால் காற்றை அழுத்தி, குழாய் வழியே சுரங்கத்தின் உட்புறம்வரை கொண்டுசென்றனர். 12 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அச்சுரங்கம் 1871இல் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் சொம்மெய்யே காலமானார். அவருக்கும் இருந்த கவலை நம் பையனுக்கு இருந்த கவலையே: தேவையான அளவு காற்று, தேவையான அழுத்தத்துடன், கருவியின் வாய்வரை சென்று சேர வேண்டும்.

உங்கள் கம்ப்ரசரை நீங்களே அளக்கலாம்

பெட்டியின் மேல் 7 சி.எப்.எம். என்று அச்சிட்டிருந்தது. இது பெரும்பாலும் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இடத்தைத் துடைத்துச் செல்கிறது என்ற கணக்கே. வெப்பத்தாலும், கசிவாலும், உருளையின் மேற்பகுதியில் எஞ்சி நிற்கும் காற்றாலும் அதில் ஒரு பகுதி வீணாகிவிடும். சிறிய கம்ப்ரசர்களில் உண்மையாகக் கிடைப்பது அதில் 60 அல்லது 70 விழுக்காடு என்று கொள்ளலாம். சிலவற்றில் அதனினும் குறையும். எனவே கடையில் கேட்கும்போது, “90 பி.எஸ்.ஐ.யில் வெளியே கிடைக்கும் காற்று எவ்வளவு?” என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தொட்டியின் வெளிவழியை மூடுங்கள். கம்ப்ரசரை ஓட்டுங்கள். அளவுமானி 4 பாரைத் தொடும்போது கடிகாரத்தைப் பாருங்கள். 7 பாரைத் தொடும்போது மீண்டும் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது 40 விநாடி ஆயிற்று. தொட்டியின் கொள்ளளவு 25 லிட்டர். ஏறிய அழுத்தம் 3 பார். இரண்டையும் பெருக்கினால் 75 லிட்டர். வெளியிலுள்ள சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 75 லிட்டர் 40 விநாடியில் உள்ளே சென்றிருக்கிறது. நிமிடத்திற்குக் கணக்கிட்டால் 112 லிட்டர். அஃதாவது 4 சி.எப்.எம். பெட்டியில் 7, கையில் 4.

பொதுவாக, நல்ல நிலையிலுள்ள பிஸ்டன் கம்ப்ரசர் ஒவ்வொரு எச்.பி.க்கும் 3 முதல் 4 சி.எப்.எம். வரை தரும். சிறிய கம்ப்ரசர்கள் இதற்குச் சற்றுக் கீழேயே நிற்கும்.

கருவிகளின் பசி

இனி எதிர்ப்பக்கத்தைக் காண்போம். ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு காற்று வேண்டும்? தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண்கள் சற்று மாறுபடும். எனினும் உத்தேச அளவு இதுவே.

டயருக்குக் காற்று ஏற்றவும், தூசி ஊதவும் 2 முதல் 4 சி.எப்.எம். போதும்.

அரை அங்குல இம்பாக்ட் கன்னுக்குச் சராசரி 4 முதல் 5.

ஏர் ராட்செட்டுக்குச் சராசரி 3 முதல் 5.

ஏர் சாண்டருக்குத் தொடர்ச்சியாக 10 முதல் 12. சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்றைப் பயன்படுத்தும் இன்றைய ஸ்ப்ரே கன்னுக்கு 8 முதல் 14.

“இம்பாக்ட் கன்னுக்கு 5தானே வேண்டும், மாமா? நம்மிடம் 4 இருக்கிறதே” என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. “சராசரி” என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் கால் பங்கு நேரமே விசையை அழுத்துவோம் என்று எண்ணிக் கணக்கிட்ட எண் அது. விசையை அழுத்தியிருக்கும் நேரத்தில் அக்கருவி ஏறத்தாழ 20 சி.எப்.எம். வேகத்தில், அஃதாவது நிமிடத்திற்கு 560 லிட்டர் வீதம், காற்றைக் குடிக்கும். ஒரு நட்டைக் கழற்ற 5 விநாடி எனக் கொண்டால் 47 லிட்டர் செலவாகும்.

அந்தக் காற்று எங்கிருந்து வரும்? தொட்டியிலிருந்து. தொட்டியில் 8 பார் இருந்து 6 பாருக்கு இறங்கும்வரை நமக்குப் பயன். 25 லிட்டர் தொட்டியில் அந்த 2 பார் தருவது 50 லிட்டர். ஆக, ஒரு நட்டுக்கு ஒரு தொட்டி! பின்னர் அதை நிரப்ப ஏறத்தாழ 27 விநாடி ஆகும். ஒரு நட்டைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து, அடுத்த நட்டைக் கழற்றினால், இதே சிறிய கம்ப்ரசர் நான்கு சக்கரங்களையும் கழற்றித் தந்துவிடும். 50 லிட்டர் தொட்டியாக இருந்தால் இரண்டு நட்டுகளைத் தொடர்ந்து கழற்றலாம்.

சாண்டரின் நிலை வேறு. அது நிறுத்தாமல் ஓட வேண்டிய கருவி. 10 சி.எப்.எம். கேட்கும் சாண்டருக்கு 4 தரும் கம்ப்ரசரைப் பொருத்தினால், நிமிடத்திற்கு 168 லிட்டர் பற்றாக்குறை. தொட்டியிலுள்ள 50 லிட்டர் சேமிப்பு 18 விநாடியில் தீர்ந்துவிடும். மோட்டாரோ இடைவிடாது ஓடிச் சூடேறும். சிறிய கம்ப்ரசர்கள் பல, பாதி நேரம் ஓடிப் பாதி நேரம் ஓய்வெடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. வரவு 4, செலவு 10 என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? பெரிய தொட்டி வாங்கினாலும் கடனை ஒத்திப்போடலாமே தவிர, தீர்க்க முடியாது.

நட்டு ஏன் கழலவில்லை?

கணக்கின்படி இம்பாக்ட் கன் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லையே, ஏன்? கருவியின் வாயருகே ஓர் அளவுமானியைப் பொருத்தி, விசையை அழுத்திப் பார்த்தோம். தொட்டியில் 7 பார். கருவியின் வாயிலோ 4 பாருக்கும் கீழே. இடையில் 3 பார் காணாமற்போனது எங்கே?

அந்த அழகிய நீலநிறச் சுருள் ஹோஸில்தான். அதன் உள்விட்டம் வெறும் 5 மில்லிமீட்டர். டயருக்குக் காற்று ஏற்ற அது போதும், 20 சி.எப்.எம். பாய அது போதாது. விசையை அழுத்தாதவரை அளவுமானி சரியான எண்ணையே காட்டும்; காற்று ஓடத் தொடங்கியதும் அழுத்தம் விழுந்துவிடும். சோற்றை வடிக்கும் கஞ்சியை ஊசித்துளை வழியே ஊற்ற முயல்வது போன்றது இது. மறுநாள் 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நேரான ரப்பர் ஹோஸும், அதற்கேற்ற அகன்ற கப்ளரும் வாங்கி வந்தோம். சில நூறு ரூபாய்தான் செலவு. இம்பாக்ட் கன்னின் வாயில் இரண்டு மூன்று துளி ஏர் டூல் எண்ணெயும் விட்டோம். முதல் நட்டு நான்கு விநாடியில் கழன்றது. பையனின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை நான் விவரிக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: நட்டைக் கழற்ற இம்பாக்ட் கன்னைப் பயன்படுத்துங்கள், இறுக்குவதற்கு வேண்டா. சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் போதும்; சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். கையால் திருகி, டார்க் ரெஞ்ச் கொண்டு அந்த அளவுக்கு இறுக்குவதே முறை. கன்னால் இறுக்கினால் போல்ட் நீண்டு முறியக்கூடும். வழியில் டயர் பஞ்சரானால் கை ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. மேலும், பளபளப்பான சாதாரண சாக்கெட்டுகளை இதில் பொருத்தலாகாது. அவை அதிர்ச்சியில் சிதறக்கூடும். இம்பாக்ட் வேலைக்கென்றே செய்யப்பட்ட தடித்த கருநிற சாக்கெட்டுகள் கிடைக்கின்றன.

வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

நீங்கள் பயன்படுத்தப்போகும் கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கருவியையே பிடிப்பார்; ஆகையால் எண்களைக் கூட்ட வேண்டா. அவற்றுள் தொடர்ந்து ஓட வேண்டிய கருவி எது, அதற்கு எத்தனை சி.எப்.எம். என்று பாருங்கள். அதனுடன் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சேர்த்துக்கொள்ளுங்கள். 12 கேட்கும் சாண்டருக்கு ஏறத்தாழ 15 சி.எப்.எம். வேண்டும், அதற்கு 4 அல்லது 5 எச்.பி. கம்ப்ரசர் தேவை. 5 எச்.பி. மோட்டார் என்றால் மும்முனை மின்சாரமும் வேண்டும். வீட்டிற்கு இது தேவைதானா என்று அப்போதே யோசிக்கலாம்.

நட்டும் போல்ட்டும் கழற்றுவதும், டயருக்குக் காற்று ஏற்றுவதும், தூசி ஊதுவதும் மட்டுமே வேலை எனில், 2 எச்.பி. மோட்டாரும் 50 லிட்டர் தொட்டியும் போதும். பெல்ட் மூலம் மெதுவாகச் சுழலும் வகை, நேரடியாக மோட்டாருடன் இணைந்து விரைந்து சுழலும் வகையைவிட ஓசை குறைந்தது. பொதுவாக நீண்ட நாள் உழைப்பது. சக்கர நட்டைக் கழற்றுவது மட்டுமே தேவை என்றால், இன்று கிடைக்கும் நல்ல பேட்டரி இம்பாக்ட் கன்னே போதுமானது, கம்ப்ரசரே வேண்டா.

2 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும்; தொடங்கும் கணத்தில் பன்மடங்கு எடுக்கும். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே செருக வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் எரிந்துவிடும். தூரம் கூடினால் வயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள்.

தொட்டிக்குள் தண்ணீர்

நம் கரையோர ஊர்களின் காற்று ஈரம் மிக்கது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், 1 கன மீட்டர்க் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 8 பார் அழுத்தத்தில் இத்தகைய 9 கன மீட்டர்க் காற்று ஒரு கன மீட்டர் இடத்தில் அடைபடுகிறது. அதில் இருந்த 216 கிராம் நீரில், ஆறிய பிறகு 30 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும். எஞ்சியது நீராகி அடியில் தேங்கும். தேங்கிய நீர் தொட்டியை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டை மெலியவைக்கும். ஆகவே வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் செய்து பயன்படுத்த எண்ண வேண்டா. வீட்டில் காற்றுக்குழாய் பதிக்க விரும்புவோர் தண்ணீருக்குரிய பி.வி.சி. குழாயைத் தொடவே கூடாது. காற்றழுத்தத்தில் அது கூரிய சில்லுகளாகச் சிதறும்.

பிள்ளைகள் அருகில் இருக்கும்போது

அழுத்திய காற்று விளையாட்டுப் பொருளன்று. சட்டையிலுள்ள தூசியை ஊதுவதற்கோ, ஒருவரையொருவர் கேலி செய்வதற்கோ அதை உடலின்மேல் திருப்பவே கூடாது. அது கண்ணைக் குருடாக்கும், செவிப்பறையைக் கிழிக்கும், உடலின் துளைகள் வழியே உட்புகுந்து குடலைக் கிழித்து உயிரைப் பறித்ததும் உண்டு. வேடிக்கையாகச் செய்ததாலேயே இத்தகைய சாவுகள் நேர்ந்திருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

இம்பாக்ட் கன்னின் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். காதடைப்பானும் கண்ணாடியும் அணியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி ஸ்டாண்ட் வைத்த பிறகே நுழையுங்கள். கார்களுக்குப் பூசும் இருகலவை வண்ணங்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் உண்டு. அது நுரையீரலைத் தாக்கித் தீராத ஆஸ்துமாவைத் தரவல்லது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அதைத் தெளிப்பது, தெளிப்பவருக்கு மட்டுமல்ல, அடுக்களையில் இருப்பவருக்கும் தீங்கு.

கணக்கு முடிந்தது

இவையெல்லாம் கேட்ட பின் பையன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “அப்படியானால் சாண்டரும் ஸ்ப்ரே கன்னும் எனக்கு வேண்டா, மாமா” என்றான். இரண்டும் பயன்படுத்தப்படாமல் இருந்தமையால், கடைக்காரர் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு எஞ்சிய பணத்தைத் திருப்பித் தந்தார். சக்கரங்களையும் பிரேக்குகளையும் அவனே முற்றத்தில் சீர் செய்தான். தகட்டை வாட்டர் பேப்பர் கொண்டு கையாலேயே தேய்த்தான். நான்கு மாலைப்பொழுதுகள் ஆயின. வண்ணம் பூசுவதை மட்டும் பட்டறையில் கொடுத்தான். தேய்க்கும் வேலை முடிந்திருந்ததால் அங்கே கூலியும் குறைந்தது.

திருமணத்திற்கு இரண்டு நாட்களுக்கு முன் வண்டி வீடு வந்து சேர்ந்தது. மீந்த பணத்தை அவன் தாயிடம் கொடுத்தான். அக்கா அதை எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, “அடுத்த தடவை வாங்கும் முன்னரே மாமாவைக் கேள்” என்றார்கள்.

வாசகர்களே, கடைக்குச் செல்லுமுன் தாளும் எழுதுகோலும் எடுத்து, வரவு எத்தனை, செலவு எத்தனை என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.